கல்லீரல் வழிவிட வேண்டும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில் வயிற்றுக்குள் கேமரா நுழைந்ததும் மருத்துவரின் கண்ணில் முதலில் படுவது இரைப்பை இல்லை, கல்லீரல். வலது விலாவுக்கு அடியில் ஒதுங்கியிருக்கும் உறுப்பு என்றுதான் அதைப் பலரும் நினைத்திருக்கிறோம். ஆனால் அதன் இடது மடல் நடுவயிற்றைத் தாண்டி இடப்பக்கம் வரை நீள்கிறது. உணவுக்குழாய் இரைப்பையில் வந்து சேரும் இடத்தின் மேல் மூடியாகக் கிடக்கிறது. மருத்துவருக்கு வேலை இருப்பதோ சரியாக அந்த மூடிக்குக் கீழே.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுக்கப்பட்டு, எஞ்சியது நெடுக ஒரு குழாயாக மிஞ்சுகிறது. அந்த வெட்டு கீழிருந்து மேலேறி உணவுக்குழாய் சேரும் முனைக்குப் பக்கத்தில் போய் முடிய வேண்டும். பைபாஸ் முறையில் அதே மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு அரிதாக ஏற்படும் கசிவு, பெரும்பாலும் இந்த மேல்முனையில்தான் ஏற்படுகிறது. ஆகவே மருத்துவர் தெளிவாகப் பார்த்துச் செய்தே ஆகவேண்டிய இடம் எதுவோ, அதுவே கல்லீரலுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது.

1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் இரைப்பை பைபாஸை அறிமுகப்படுத்தியபோது வயிற்றை நீளமாகத் திறந்துதான் செய்தார்கள். கை உள்ளே போகும். கல்லீரலைக் கையாலேயே ஒதுக்கிவிடலாம். 1994-இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த விட்குரோவும் கிளார்க்கும் அதே சிகிச்சையைச் சிறு துளைகள் வழியாகச் செய்த அனுபவத்தை வெளியிட்டார்கள். நோயாளிக்கு அது பெரிய வரம். வலி குறைந்தது, தையல் பிரிவதும் குடலிறக்கமும் குறைந்தன, அடுத்த நாளே எழுந்து நடக்க முடிந்தது. ஆனால் மருத்துவரின் கை வெளியே வந்துவிட்டது. இப்போது கல்லீரலைத் தூக்கிப் பிடிக்கப் பெரும்பாலும் ஒரு வளைந்த எஃகுக் கம்பிதான் இருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் நாதன்சனின் பெயரால் அறியப்படும் கருவி அது. மேல்வயிற்றின் நடுவில் ஒரு சிறு துளை வழியே நுழைத்து, இடது மடலுக்கு அடியில் கொடுத்து, மேல்நோக்கி நிமிர்த்திக் கட்டிவிடுவார்கள்.

மெலிந்த கல்லீரல் என்றால் அது கம்பியின் மேல் எளிதாக ஏறி நிற்கும். கொழுப்பேறிய கல்லீரல் அப்படி நிற்காது. அதன் கூரான விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும், நிறம் வெளுத்திருக்கும், எடையும் கூடியிருக்கும். தூக்கும்போதே கிழிந்து ரத்தம் கசியலாம். கம்பியின் இரு பக்கமும் வழிந்து இரைப்பையின் மேல்முனையை மறைக்கும். அந்த நிலையில் துளைவழிச் சிகிச்சையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கலாம். எதுவும் செய்யாமல் மூடிவிட்டு வரவேண்டியும் நேரலாம்.

சிகிச்சைக்குத் தேதி கொடுக்கும்போதே இரண்டு வாரத்துக்கு ஒரு கடுமையான உணவுப் பட்டியலையும் மருத்துவமனை கையில் கொடுப்பது இதற்காகத்தான். நோயாளிகள் பலர் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தங்களுக்கு மனக்கட்டுப்பாடு இருக்கிறதா என்று மருத்துவர் சோதிப்பதாக நினைக்கிறார்கள். இத்தனை வருடம் சாப்பிட்டதற்குத் தண்டனை என்றுகூட நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் உண்மையில்லை. அந்த இரண்டு வாரமும் சிகிச்சையின் முதல் பகுதி. அதை நோயாளியைத் தவிர வேறு யாராலும் செய்துகொடுக்க முடியாது.

இரண்டே வாரத்தில் ஓர் உறுப்பு சுருங்குமா என்ற சந்தேகம் நியாயமானது. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் அசைவதில்லை என்பது எல்லோருடைய அனுபவமும்தான். கல்லீரலின் கணக்கு வேறு. நம் உடலில் எரிபொருள் சேமிப்பு இரண்டு விதமாக நடக்கிறது. அடுப்படி டப்பாவில் இருக்கும் அரிசி போல உடனடித் தேவைக்குக் கல்லீரலில் கிளைக்கோஜன் இருக்கிறது; உள்ளறை மூட்டை போல நீண்ட நாளைக்குக் கொழுப்பு இருக்கிறது. கிளைக்கோஜன் சுமார் 100 கிராம்தான். ஆனால் ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்த ஓரிரு நாளில் டப்பா காலியாகிறது, நீரும் போய்விடுகிறது. முதல் வாரத்தில் எடை இயந்திரம் காட்டும் மகிழ்ச்சியான எண்ணில் ஒரு பங்கு இந்த நீர்தான்.

அடுத்து நடப்பது இன்னும் முக்கியமானது. சோறு, இட்லி, இனிப்பு என்று மாவுச்சத்தும் சர்க்கரையும் அளவுக்கு மேல் வரும்போது கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அதற்குக் கட்டளையிடுவது இன்சுலின். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்குகிறது. கொழுப்பு தயாரிப்பு குறைகிறது. ஏற்கெனவே உள்ள கொழுப்பைக் கல்லீரல் எரிபொருளாக எடுக்கத் தொடங்குகிறது. உடலின் மற்ற இடங்களைவிடக் கல்லீரல் தன் கொழுப்பை முன்னதாகவே விட்டுக்கொடுக்கிறது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வில் 32 பேர் 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தார்கள். இடையிடையே ஸ்கேன் எடுத்துக் கல்லீரலின் கன அளவையும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பையும் கணக்கிட்டார்கள். வயிற்றுக் கொழுப்பு 12 வாரமும் ஒரே சீராகக் குறைந்தது. கல்லீரல் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தில் 80 சதவீதம் முதல் இரண்டு வாரத்திலேயே முடிந்துவிட்டது. தொடக்கத்தில் கல்லீரல் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு அதிகமாகச் சுருங்கியது. பட்டியலில் இரண்டு வாரம் என்று எழுதியிருப்பதற்குப் பின்னால் இப்படி ஓர் அளவீடு இருக்கிறது.

கல்லீரல் சுருங்கினால் நோயாளிக்கு என்ன லாபம்? 2011-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு இந்தக் கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டது. பைபாஸுக்குக் காத்திருந்த 298 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு, மறு பாதிக்கு வழக்கமான சாப்பாடு. அறுவை சிகிச்சைக்கு ஆன நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உணவு முறையில் இருந்தவர்களுக்குச் சிகிச்சை எளிதாக இருந்ததாக மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். 30 நாளுக்குள் வந்த சிக்கல்கள் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் 18, உணவு முறையில் இருந்தவர்களிடம் 8. ஒரே ஒரு ஆய்வை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டு வாரப் பசிக்கு இது மோசமான பலன் இல்லை.

நடைமுறைக்கு வருவோம். மருத்துவமனைக்கு மருத்துவமனை பட்டியல் மாறும். பொதுவாக நாளொன்றுக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து சுமார் 100 கிராமுக்குள், புரதம் குறைந்தது 60 கிராம் என்ற எல்லைக்குள் இருக்கும். கல்லீரல் மிகப் பெரிதாக இருப்பவர்களுக்கு நான்கு வாரம்கூடச் சொல்வார்கள். இதைத் தமிழ் வீட்டுச் சமையலில் கடைப்பிடிப்பதுதான் சவால். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மதியம் இரண்டு கப் சாப்பிட்டாலே நாள் முழுவதற்குமான கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடும். குழம்பும் பொரியலும் காலை இட்லியும் அதற்கு மேல்.

இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ‘லைட்டாச் சாப்பிடுங்கள்’ என்று யாராவது சொன்னால் நம் வீடுகளில் உடனே அடுப்பில் ஏறுவது கஞ்சி. பக்கத்தில் ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸ். காய்ச்சல்காரருக்குக் கொடுத்துப் பழகிய கைகள் அன்போடு செய்வது அது. ஆனால் கஞ்சி கரைந்த மாவுச்சத்து. புரதம் அதில் மிகக் கொஞ்சம். பழச்சாறு இன்னும் மோசம். பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸைக் கையாளும் வேலை பெரும்பாலும் கல்லீரலின் தலையில்தான் விழுகிறது. எந்த உறுப்பைச் சுருக்க வேண்டுமோ அதற்கே தீனி போடுகிறோம். திரவமாக இருப்பதாலேயே ஓர் உணவு எளிய உணவாகிவிடாது.

முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, கொழுப்பு நீக்கிய தயிர், மோர், பன்னீர், மீல் மேக்கர், காளான், கீரை, வெள்ளரி, சுரைக்காய், புடலங்காய் இவை இந்த நாட்களின் நண்பர்கள். சைவக் குடும்பங்களில் ‘பருப்பு இருக்கிறதே’ என்பார்கள். பருப்பில் புரதம் இருப்பது உண்மை; அதைவிட இரு மடங்குக்கு மேல் மாவுச்சத்தும் இருக்கிறது. பருப்பை மட்டும் நம்பி 60 கிராம் புரதத்தை எட்ட முடியாது. பல மருத்துவமனைகள் இரண்டு வேளை புரோட்டீன் பானமும் ஒரு வேளை சமைத்த உணவும் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். மூன்றாம் நான்காம் நாளில் தலைவலி, சோர்வு, எரிச்சல், வாய் நாற்றம், மலச்சிக்கல் வரலாம். உடல் சர்க்கரையிலிருந்து கொழுப்புக்கு மாறும்போது வரும் தொல்லைகள் இவை. சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இல்லாதவர்கள் நிறையத் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேதி குறித்த அன்றே பலருக்குள் ஒரு துக்கம் தொடங்குகிறது. இனி பிரியாணியை ஆசை தீரச் சாப்பிட முடியாதே, கல்யாணப் பந்தியில் உட்கார முடியாதே என்று தோன்றும். உறவினர்களும் வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். கடைசித் தடவையாகச் சாப்பிட்டுவிடலாம் என்ற அந்த எண்ணம் மிக இயல்பானது. உலகம் முழுவதும் இந்தச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு அது வருகிறது. அதை வைத்து யாரையும் இழிவாகப் பேசுவதை நான் ஏற்கவில்லை. உணவு ஒருவருக்குப் பல வருடம் ஆறுதலாக இருந்திருந்தால் அதைப் பிரிவது துக்கம்தான். அந்தத் துக்கத்தை மனநல ஆலோசகரிடம் வாய்விட்டுச் சொல்வதும் தயாரிப்பின் ஒரு பகுதி. ஆனால் சிகிச்சைக்கு முந்தைய நாட்களில் வரும் விருந்து, காலியான கிளைக்கோஜனை நீரோடு சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்துவிடும். பத்து நாள் பாடு ஓரிரு நாளில் பெருமளவு வீணாகும். பிரியாணி எங்கும் போய்விடாது. சில மாதம் கழித்து, சிறிய தட்டில், மெதுவாக மென்று அதைச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம்.

நீரிழிவு உள்ளவர்கள் அடுத்து வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழுவினர் 2011-இல் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேர், நாளுக்குச் சுமார் 600 கலோரி, 8 வாரம். முதல் வாரத்திலேயே கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் அதே ஒரு வாரத்தில் இயல்பு நிலைக்கு வந்தது. எடைக் குறைப்புச் சிகிச்சைக்குப் பிறகு சில நாளிலேயே சர்க்கரை இறங்கிவிடும் அதிசயத்துக்கு ஒரு பெரிய விளக்கம் இதில் கிடைத்தது.

அதே காரணத்தால்தான் ஆபத்தும் வருகிறது. சாப்பாடு பாதிக்கும் கீழே போன பிறகும் பழைய அளவிலேயே இன்சுலின் ஊசியும் கிளிமிபிரைடு மாத்திரையும் தொடர்ந்தால், சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளின் ஆபத்து இன்னும் நுட்பமானது. அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. மாவுச்சத்து குறைந்த உணவோடும் பட்டினியோடும் சேரும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் தேங்கலாம். குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாகவே காட்டும். உள்ளே உடல் அமிலமாகிக்கொண்டிருக்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று வந்து நிற்கும்போது பலருக்கு இந்த மாத்திரை நினைவுக்கே வராது. அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இவற்றை நிறுத்த வேண்டும் என்பது 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்த விதி. உணவு முறை தொடங்கும்போதே நிறுத்தச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. ஆகவே பட்டியல் தொடங்கும் நாளுக்கு முன்பே மருந்துச் சீட்டு முழுவதையும் நீரிழிவு மருத்துவரிடம் காட்டி அளவை மாற்றி எழுதி வாங்குங்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரைகளுக்கும், குறிப்பாகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளுக்கும், இது பொருந்தும். எதையும் நீங்களாகவே நிறுத்துவதும் தவறு.

பருத்த உடலில் சத்துக்குறைவு இருக்கும் என்பது கேட்பதற்கு வியப்பாக இருக்கலாம். சிகிச்சைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் அடிக்கடி தெரியவரும் உண்மை அது. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடலில் கொழுப்பு அதிகமாக இருந்தால் அது அங்கேயே தங்கிவிட, ரத்தத்தில் அளவு குறைகிறது. உடல் பருமனோடு வரும் மிதமான அழற்சி, கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் குடலில் இரும்புச்சத்து ஏறும் கதவை அடைக்கிறது. சைவ உணவினருக்கும், நீரிழிவுக்காகப் பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவாக இருக்கலாம். சிகிச்சைக்குப் பிறகு இந்தக் குறைகள் தாமாகச் சரியாவதில்லை, கூடுகின்றன. பி12 உடலில் ஏறத் துணை நிற்கும் புரதத்தைச் சுரப்பதே இரைப்பையின் மேல்பகுதியும் நடுப்பகுதியும்தான். அதில் பெரும்பகுதியைத்தான் வெட்டுகிறோம் அல்லது ஒதுக்குகிறோம். பி1 என்னும் தயமின் இன்னொரு கவலை. உடலில் அதன் இருப்பு சில வாரத்துக்குத்தான் வரும். சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படலாம். குறைகளை முன்பே கண்டுபிடித்து நிரப்பிவிட்டு மேசையில் படுப்பதுதான் முறை.

குறட்டையை நம் வீடுகளில் ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறோம். உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்தபடியே கண் சொருகுவது ஆகியவை சேர்ந்திருந்தால் அது தூக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் எடைக் குறைப்புச் சிகிச்சை செய்துகொண்ட 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம்தான். கடுமையான சிக்கல் யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன: முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள், தூக்க மூச்சுத்திணறல் உள்ளவர்கள், கொஞ்ச தூரம்கூட நடக்க முடியாதவர்கள். பின்னிரண்டையும் சிகிச்சைக்கு முன் ஓரளவு மாற்ற முடியும். தூக்கத்தில் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியைச் சில வாரம் முன்பே பழகிக்கொள்ளலாம். தினமும் நடக்கலாம், பத்து நிமிடத்தில் தொடங்கினாலும் போதும். புகைபிடிப்பவர்கள் குறைந்தது ஆறு வாரம் முன்பே விட்டுவிட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு புகைத்தால் குடல் இணைந்த இடத்தில் புண் வரும் ஆபத்து கூடும். குழந்தை பெறும் வயதுப் பெண்கள் சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையக் குறையக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், கருத்தடை பற்றி முன்கூட்டியே பேசி வைப்பது அவசியம்.

இந்தத் தயாரிப்பை ஒரு தடைக்கல்லாக மாற்றும் பழக்கமும் உலகில் இருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, சிகிச்சைக்குப் பணம் தருமுன் மாதக்கணக்கில் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து எடை குறைத்துக் காட்டச் சொன்னன. அந்நாட்டின் எடைக் குறைப்பு அறுவை மருத்துவர்களின் சங்கமே 2016-இல் அதை எதிர்த்தது. அப்படிக் கட்டாயப்படுத்துவதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. அந்தச் சங்கம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். கல்லீரலைச் சுருக்க இரண்டு வாரம் கேட்பது மருத்துவம். தகுதியை நிரூபிக்க ஆறு மாதம் கேட்பது மருத்துவம் இல்லை. நோயோடு இருப்பவரை இன்னும் ஆறு மாதம் நோயோடு விட்டுவைப்பது. 2022-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதலின்படி உடல் நிறை குறியீடான பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே அதைப் பரிசீலிக்கலாம். நம் உடல்வாகுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் கொழுப்புக் கல்லீரலும் வந்துவிடுவதுதான் காரணம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு வாரம் சமையலறையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ‘ஒரு வாய்தானே’ என்ற உபசாரமும் வேண்டாம். முடிந்தால் நீங்களும் அதே பொரியலையும் மோரையும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மெதுவாக மெல்வது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரைமணி நேரம் கழித்துக் குடிப்பது, சிறு சிறு மடக்காக விழுங்குவது ஆகிய பழக்கங்களை இப்போதே தொடங்கினால் சிகிச்சைக்குப் பிறகு அவை புதிதாகத் தோன்றாது.

சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கும் ஒரு சொல். இடையில் ஒருநாள் கட்டுப்பாடு தவறிவிட்டால், அல்லது நாலு நாளாகவே தவறிக்கொண்டிருந்தால், அதை மறைக்காமல் உங்கள் அறுவை மருத்துவரிடமும் டயட்டீஷியனிடமும் சொல்லிவிடுங்கள். காய்ச்சலோ சளியோ வந்தாலும் சொல்லுங்கள். தேதியை ஒரு வாரம் தள்ளிவைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.